கூனியும் அதன் சொந்தக்காரரும்: கடலின் சிறு ஓட்டுடலிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். வருசத்தில் இரண்டு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடிக்குப் போவேன். பழைய நைலோன் சேலையில் தைத்த கூம்பு வலை, அதன் நுனியில் ஒரு ஜாம் போத்தல், ஒரு கைவில்லை, இவ்வளவுதான் சாமான். அங்கே பிள்ளைகள் கேட்டவை, பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தவர்கள் கேட்டவை, மீன் சந்தையில் என்னை அடையாளம் கண்டு மறித்துக் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன.

ஓட்டுடலி என்றால் இறாலும் நண்டும்தானே?

அவையும்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் சட்டிக்கு வருகிறவை கொஞ்சம். ஓடு போன்ற வெளித்தோல், மூட்டுள்ள கால்கள், இரண்டு சோடி உணர்கொம்புகள் உள்ள பெரிய கூட்டம் அது. கிறஸ்டேசியாக்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பெரும்பாலானவை அரிசியை விடச் சிறியவை. நீரில் மிதக்கும் கொப்பிபொட், கடற்புல்லில் தொற்றும் அம்பிபொட், மீனில் ஒட்டும் ஐசொபொட், கூனி, கிறில் எல்லாம் இதற்குள் அடக்கம். வள்ளத்தின் அடியில் கல்லுப்போல ஒட்டி உங்கள் கையைக் கிழிக்கிற பார்னக்கிளும் இந்தக் குடும்பம்தான். அதைச் சிப்பி வகை என்று நினைக்காதவர் குறைவு. உண்மையில் அது தலையை ஒட்டவைத்துக்கொண்டு காலால் சாப்பாட்டை வாரி உள்ளே தள்ளுகிற ஒரு பிராணி.

போத்தலுக்குள் துள்ளுகிற வெள்ளைப் புள்ளிகள் என்ன?

அநேகமாகக் கொப்பிபொட். ஒரு மில்லிமீற்றர் அளவு, சில அதற்கும் குறைவு. கைவில்லையில் பார்த்தால் ஒரு சோற்றுப் பருக்கைக்கு இரண்டு நீளக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். முட்டையிலிருந்து வரும் குடம்பி ஆறு பருவம் கடந்து, பிறகு இன்னும் ஐந்து தடவை தோலுரித்துத்தான் முதிர்ந்த உருவத்துக்கு வரும்.

அவை நீந்துவதில்லை, துள்ளுகின்றன என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரியான கவனிப்பு. மீன் வாய் திறக்கும்போது எழும் நீரசைவைக் கொம்பில் உணர்ந்ததும் பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சலில் ஒரு செக்கனுக்கு உடல் நீளத்தின் 500 மடங்கு தூரம் என்ற வேகத்தைச் சில இனங்கள் தொடுகின்றன. அப்படித் தப்பினாலும் பெரும்பாலானவை கடைசியில் ஒரு மீனின் வயிற்றுக்குள்தான்.

இவ்வளவு சின்னது கடலுக்கு என்ன செய்யப்போகிறது?

பாசையூரிலோ குருநகரிலோ விடியற்காலையில் கூறு போடுகிற மீனைப் பாருங்கள். நெத்தலி, சூடை, காரல் எல்லாம் கொப்பிபொட்டையும் அதையொத்த சிற்றுயிர்களையும் தின்று வளர்பவை. அறக்குளாவும் பாரையும் அந்தச் சின்ன மீன்களைத் தின்கின்றன. கொப்பிபொட் தின்பதோ கண்ணுக்குத் தெரியாத ஒருகல அல்காக்களை, அதாவது தாவரப் பிளாந்தன்களை. சூரிய ஒளியைச் சாப்பாடாக்குவது அந்த அல்கா. ஆனால் அறக்குளா அதை நேரே தின்ன முடியாது, அது அவ்வளவு சின்னது. நடுவில் ஒருவர் அதைப் பொறுக்கி, தன் உடம்பாக மாற்றி, மீன் கடிக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்து தரவேண்டும். கொப்பிபொட் செய்வது அந்தத் தரகு வேலை.

ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்திலொன்றுதான் அடுத்த படிக்குப் போய்ச் சேரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஒரு கிலோ அறக்குளாவுக்குப் பத்துக் கிலோ சூடை, அதற்கு நூறு கிலோ கொப்பிபொட், அதற்கு ஆயிரம் கிலோ அல்கா. துல்லியமான கணக்கு இல்லை. ஆனால் சந்தையில் விலை கேட்டுத் திகைத்து நிற்கும்போது இதை நினைத்துப் பார்ப்பதுண்டு.

கூனி என்பது இறால் குஞ்சா?

அடிக்கடி வருகிற கேள்வி. அடிக்கடி பிழையாகச் சொல்லப்படுகிற பதிலும் இதற்குத்தான். இல்லை, கூனி வேறு இனம். அசிட்டிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. முழுதாக வளர்ந்து, முட்டையிடும் வயதுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். அதைப் பிடிக்காமல் விட்டால் பெரிய இறாலாகும் என்று கவலைப்படத் தேவையில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பச்சைக் கூனி ஒன்றை வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டுப் போடுங்கள். உடல் கண்ணாடி, கண் கறுப்பு, வால் அடியில் சிவப்புப் புள்ளி. உடலை விட நீளமான மெல்லிய கொம்பு இருக்கும், அது உடையாமல் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம் நடைக் காலை எண்ணுங்கள். இறாலுக்கு ஐந்து சோடி. கூனிக்கு மூன்று சோடிதான் தெரியும், கடைசி இரண்டு சோடி இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மிக நெருக்கமான கண்ணி வலையில் கூனி வரும்போது உண்மையான இறால் குஞ்சும் மீன் குஞ்சும் சேர்ந்தே வரும். காயவைத்த பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கூனி தின்பதில் எனக்கு மறுப்பில்லை. தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு இடித்த கூனிச் சம்பலை மறுக்கிற அளவுக்கு நான் கொள்கைக்காரன் இல்லை. எந்த வலை, எந்த இடம், எந்தக் காலம் என்பதில்தான் கேள்வி.

நீலத் திமிங்கிலம் கிறிலைத்தானே தின்னும்? எங்கள் கடலில் கிறில் உண்டா?

கிறில் என்றதும் எல்லோருக்கும் அந்தாட்டிக்காதான் நினைவுக்கு வரும். அங்குள்ள கிறில் ஆறு சென்ரிமீற்றர் வரை வளரும், கோடிக்கணக்கான தொன் இருக்கும். திமிங்கிலம், பென்குயின், சீல் எல்லாம் அதை நம்பித்தான் வாழ்கின்றன. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

இலங்கையைச் சுற்றித் திரியும் நீலத் திமிங்கிலங்களின் கதை வேறு. தெற்கே மிரிசைப் பக்கத்துத் திமிங்கிலங்களை ஆராய்ந்த கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் குழுவினர், அவை முக்கியமாகத் தின்பது கிறிலை அல்ல, செர்ஜெஸ்டிட் எனப்படும் சிறு இறால்களை என்று 2018 இல் எழுதினார்கள். செர்ஜெஸ்டிட் என்பது கூனி சேர்ந்த அதே குடும்பம். உலகத்தின் மிகப் பெரிய விலங்கும் நாங்களும் கிட்டத்தட்ட ஒரே சம்பலைத்தான் தின்கிறோம். இந்தத் தகவலைச் சொன்ன நாளில் வகுப்பில் நித்திரை கொண்ட பையன்கூட எழும்பிவிட்டான்.

இரவில் இந்த உயிர்கள் மேலே வருமாமே?

வரும். உலகக் கடலில் தினமும் நடக்கிற மிகப் பெரிய இடப்பெயர்வு இதுதான். பகலில் மேலே நின்றால் மீன் கண்டுவிடும். ஆகவே இருளுள்ள ஆழத்தில் ஒளிந்திருந்து, பொழுதுபட்டதும் அல்கா தின்ன மேலே வந்து, விடிவதற்குள் இறங்கிவிடும். சில மில்லிமீற்றர் உயிர் ஒன்று தினமும் சில நூறு மீற்றர் ஏறி இறங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையினர் ஒலியால் ஆழம் பார்த்தபோது, தரை இருக்க முடியாத இடத்தில் ஒரு "தரை" தெரிந்தது. இரவில் அது மேலே வந்தது. பிறகுதான் அது உயிர்க்கூட்டம் என்று விளங்கியது.

சரி, இது ஆழ்கடல் கதை. பாக்கு விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் 15 மீற்றர் ஆழம்கூடக் கிடையாது, யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவுதான். இறங்கி ஒளிய இடமில்லை. அதனால் இங்கே பல சிற்றுயிர்கள் பகலில் சேற்றிலும் மணலிலும் புல்லடியிலும் புதைந்து கிடந்து, இருட்டியதும் நீருக்குள் கிளம்புகின்றன. எங்கள் சேலை வலையில் பகலில் நாலைந்து வகைதான் வரும். மாலை ஆறரைக்குப் பிறகு இழுத்தால் போத்தல் குமுறும். இறாலும் அப்படித்தான், பகலில் புதைந்து இரவில் மேய்கிறது. சிறகுவலைக்காரர் ஏன் இரவு விழிக்கிறார்கள் என்பதற்கு அதுவே காரணம்.

காலநிலை மாற்றத்துக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? கொப்பிபொட்டின் கழிவு முக்கியம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

முக்கியம்தான், சிரிக்கவேண்டாம். அல்கா, நீரில் கரைந்த காபனீரொட்சைட்டை எடுத்து உடம்பாக்குகிறது. தனி அல்கா மிகச் சிறியது, ஆழத்துக்குப் போய்ச் சேர நெடுநாள் எடுக்கும், அதற்குள் உக்கிவிடும். கொப்பிபொட்டும் கிறிலும் ஆயிரக்கணக்கான அல்காவைத் தின்று ஒரு உறைபோட்ட குளிசை மாதிரிக் கழிவாக வெளியேற்றுகின்றன. அது வேகமாக இறங்கும். ஆழ்கடலுக்குப் போன காபன் நூறாண்டுக் கணக்கில் வளிமண்டலத்துக்குத் திரும்பாமல் கிடக்கலாம். உரித்துப்போட்ட ஓடுகளும் செத்த உடல்களும் இப்படியே இறங்குகின்றன. வட அத்திலாந்திக்கில் கலனஸ் என்ற கொப்பிபொட் கோடையில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு 600 மீற்றருக்கும் கீழே போய் மாதக்கணக்கில் உறங்குகிறது. அங்கே மூச்சுவிட்டு எரிக்கிற கொழுப்பின் காபனும் அங்கேயே தங்கிவிடும்.

எங்கள் கடலில் இதே வேலை நடக்கிறதா என்று கேட்டால், இந்த அளவில் இல்லை. ஆழமில்லாத இடத்தில் கழிவு விழுந்த கையோடு தரையைத் தொட்டுவிடும். அங்கே புழுவும் நண்டும் பற்றீரியாவும் காத்திருக்கின்றன. காபன் புதைவதை விட, போசணை திரும்பத் திரும்பச் சுழல்வதுதான் இங்கே நடக்கிற பெரிய காரியம். நீரேரி இவ்வளவு இறாலும் நண்டும் தருவதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம். ஆழ்கடலுக்கு எழுதிய வசனத்தை எடுத்து நீரேரிக்கு ஒட்டுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சாதாழைக்குள், அதாவது கடற்புல்லுக்குள், கிடக்கிற வளைந்த பூச்சிகள் என்ன? புல்லைத் தின்று அழிக்குமா?

அவை அம்பிபொட், பக்கவாட்டில் தட்டையாகி வளைந்தவை. மேலிருந்து தட்டையானவை ஐசொபொட். கடற்புல்லை அவை அழிப்பதில்லை. பெரும்பாலும் நேர்மாறு. கடற்புல்லின் இலையில் மெல்லிய பாசி படியும். விட்டால் அது ஒளியை மறைத்து இலையை மூச்சுத்திணற வைக்கும். இந்தச் சிற்றுயிர்கள் அந்தப் பாசியை மேய்ந்து இலையைத் துடைத்துக் கொடுக்கின்றன. தோட்டத்து உரம் மழையோடு கழுவுண்டு நீரேரிக்கு வரும்போது பாசி பெருகும், அப்போது மேய்கிறவர்களின் வேலையும் பெருகும். அவர்கள் இல்லாவிட்டால் கடற்புல் இல்லை, கடற்புல் இல்லாவிட்டால் இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் ஒளிய இடமில்லை.

இதிலும் சுவையான விடயம் ஒன்று. கடலில் தேனீ இல்லை, மகரந்தம் நீரோடு போகும் என்றுதான் நானும் பல வருசம் படிப்பித்தேன். கரீபியன் கரையின் கடற்புல் ஒன்றில், இரவில் பூவுக்கு வரும் சிறு ஓட்டுடலிகள் மகரந்தத்தைச் சுமப்பதை மெக்சிக்கோவில் இருந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு 2022 இல் பிரான்ஸில் இன்னொன்று. கிராசிலேரியா என்ற சிவப்புப் பாசியின் ஆண் கலங்களை ஒரு ஐசொபொட் உடம்பில் ஒட்டிக்கொண்டு பெண் தாவரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ஆய்வுகூடத்தில் கண்டார்கள். அது சும்மா சேவை செய்யவில்லை, பாசியின் மேல் படிந்ததை மேய வந்த இடத்தில்தான் இது நடக்கிறது. கிராசிலேரியா வேறு யாருமல்ல, கஞ்சிப்பாசியின் பேரினம். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் இலங்கைப் பாசி என்று பேர்வைத்து வாங்கிய அதே கூட்டம். எங்கள் கரையிலும் ஐசொபொட் உண்டு, கிராசிலேரியாவும் உண்டு. யாராவது ஒரு பிள்ளை இங்கே பார்க்கட்டும் என்பது என் ஆசை.

கசூரினாக் கடற்கரையில் கரையொதுங்கிய சாதாழையைக் கிளறினால் துள்ளுகிறதே, கடிக்குமா?

கடிக்காது. மணல்துள்ளி வகை அம்பிபொட், உக்கும் குப்பையைத் தின்று துப்புரவு செய்கிறது. கரைப் பறவைக்கும் அது தீனி. சாதாழையை ஒன்றுவிடாமல் வாரி அள்ளுகிற "துப்புரவு" அவற்றின் வீட்டையும் அள்ளிப் போகும். பிளாஸ்ரிக்கைப் பொறுக்குங்கள், பாசியை விடுங்கள்.

முருகைக்கல் பக்கம் முழுகினால் கறிக்கு வடகம் பொரிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறது.

நல்ல உவமை, இதை விடச் சரியாகச் சொல்ல முடியாது. அது விரலளவு இறால் ஒன்று. ஒரு கொடுக்கு மற்றதை விடப் பெரிது. அதை மின்னல் வேகத்தில் மூடும்போது நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது, அந்தக் குமிழி உடைவதுதான் சத்தம். உடைகிற கணத்தில் உள்ளே வெப்பநிலை ஆயிரக்கணக்கான பாகைக்குப் போகும், ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இரையை மயக்க இது போதும். இந்த வகையில் சில, குருட்டுப் பார்வையோடு குழி தோண்ட, ஒரு சிறு மீன் வாசலில் நின்று காவல் காக்கும். இறால் தன் கொம்பை மீனின் உடலில் தொட்டபடியே வெளியே வரும், மீன் வாலை ஆட்டினால் இருவரும் உள்ளே.

மீனின் வாய்க்குள் வெள்ளைப் பூச்சி ஒன்று இருந்தது. அந்த மீனைச் சமைக்கலாமா?

சமைக்கலாம். அது மீனில் ஒட்டி வாழ்கிற ஐசொபொட். எடுத்து எறிந்துவிட்டு நன்றாகச் சமையுங்கள், மனிதரில் அது ஒட்டாது.

கொலராவுக்கும் கொப்பிபொட்டுக்கும் தொடர்பு என்கிறார்கள். உண்மையா?

உண்மை, அதோடு இதில் சேலையும் வருகிறது. கொலரா பற்றீரியா உவர்நீரில் இயற்கையாகவே வாழக்கூடியது, கொப்பிபொட்டின் ஓட்டில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஓடு கைற்றினால் ஆனது, பற்றீரியாவுக்கு அது வீடு, சாப்பாடு இரண்டும். ரீட்டா கொல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைப் பல பத்தாண்டு ஆராய்ந்தார். பிளாந்தனை வடித்துவிட்டால் கொலராவும் குறையுமே என்று பங்களாதேசின் மற்லப் பகுதியில் 65 கிராமங்களில் பார்த்தார்கள். பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் எடுத்த வீடுகளில் கொலரா 48 வீதம் குறைந்தது. முடிவு 2003 இல் வெளியானது. பழைய சேலைதான் நல்லது, துவைத்துத் துவைத்து நூல் விரிந்து கண்ணி நெருங்கியிருக்கும். கொதிக்கவைத்த நீருக்கு இது மாற்றில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கைற்றினை உக்கச் செய்கிற அதே பற்றீரியாக் கூட்டம் இல்லையென்றால், கடல் தரை முழுவதும் உரித்துப்போட்ட ஓடுதான் மலையாகக் குவிந்திருக்கும்.

கிணற்றில் கொப்பிபொட் விட்டால் டெங்கு நுளம்பு ஒழியுமா?

இது நன்னீர் உறவினர், மீசோசைக்ளொப்ஸ். நுளம்பின் இளங்குடம்பியைப் பிடித்துத் தின்னும். வியட்நாமின் வடக்குக் கிராமங்களில் 1990களில் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு, ஊர் மக்களே பராமரித்து, டெங்கு நுளம்பைச் சில கிராமங்களில் இல்லாமலே செய்தார்கள். ஆனால் சிரட்டையும் ரயரும் நிறைந்த வளவில் எந்தக் கொப்பிபொட்டும் உதவாது. அதைக் கவிழ்ப்பது உங்கள் வேலை.

ஆறுமுகம் திட்டப்படி நீரேரியை நன்னீராக்கினால் இவை செத்துப்போகுமா?

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" திட்டம் பேசுவது ஆனையிறவு, வடமராட்சி, உப்பாறு ஆகிய உள் நீரேரிகளைப் பற்றி. பண்ணைப் பக்கம் அதில் இல்லை. கிணறு உவர்ப்பாகும் ஊர்க்காரருக்கு அந்தத் திட்டம் உயிர்ப் பிரச்சினை. அதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை.

ஓட்டுடலிப் பக்கமிருந்து கணக்குச் சொல்கிறேன். இறால் முட்டையிடுவது கடலில். குடம்பி பல பருவம் மிதந்து, சில கிழமைக்குள் ஒரு சென்ரிமீற்றர் அளவுக் குஞ்சாகி, நீரோட்டத்தோடு நீரேரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். வாசலை அடைத்தால் அந்தப் பயணம் அறுந்துபோகும். நீர் வெறுமையாகாது, உவர்நீர்க் கொப்பிபொட் போய் நன்னீர்க் கொப்பிபொட் வரும், வேறு மீன் வரும். ஆனால் இறால் வளர்ந்த இடம் போய்விடும். தண்ணீர்க் கணக்குப் போடுகிறவர்கள் இறால் கணக்கையும் அதே தாளில் எழுதட்டும்.

இவற்றுக்கு இன்று என்ன ஆபத்து?

தரையோடு இழுக்கும் றோலர் வலை முதலில். புல்லடியும் சேறும் கிளறுண்டால், பகலில் அங்கே புதைந்து கிடக்கிற எல்லாம் கிளறுண்டுதான் போகும். இலங்கை 2017 இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையில் அது நின்றுவிட்டதா என்று எந்தச் சம்மாட்டியிடமும் கேளுங்கள், பதில் நீளமாக வரும்.

நுண்பிளாஸ்ரிக்கைக் கொப்பிபொட் அல்கா என்று நினைத்துத் தின்னும், அப்போது கழிவு பாரம் குறைந்து மெதுவாக இறங்குவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். வெப்பமும் உண்டு. வட அத்திலாந்திக்கில் 1931 இலிருந்து கப்பல்களின் பின்னே ஒரு பொறியைக் கட்டிப் பிளாந்தன் சேர்த்து வருகிறார்கள். 1960 தொடக்கம் 1999 வரையான பதிவில் வெப்பநீர்க் கொப்பிபொட்கள் சில பகுதிகளில் பத்துப் பாகை அகலாங்கு அளவுக்கு வடக்கே ஏறிவிட்டன. மீன் பிறகுதான் நகரும், முதலில் நகர்வது இவை.

பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே காட்ட வழியுண்டா?

உண்டு. மெல்லிய நைலோன் சேலைத்துண்டை ஒரு மீற்றர் நீளக் கூம்பாகத் தையுங்கள். அகன்ற வாயில் கம்பி வளையம், ஒடுங்கிய நுனியில் போத்தல். வற்று நேரத்தில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து, பொழுதுபடுகிற வேளையில், பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்து இழுத்தால் போதும். போத்தலைக் கறுப்புக் கடதாசிக்கு முன்னே வைத்து ரோச் அடியுங்கள், ஒளிப்பக்கம் கூட்டமாக ஓடிவரும். நிறையத் தண்ணீர் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒக்சிசன் முடிந்து அரை மணித்தியாலத்தில் அடியில் படிந்துவிடும். பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே ஊற்றுங்கள். ஜாம் போத்தலை முதலில் நன்றாகக் கழுவ மறக்கவேண்டாம், சீனி இருந்தால் எறும்பு வந்து வேறு பாடம் நடத்தும்.